குளவி வேடம் போடும் அந்துப்பூச்சி!

"குளவி! குளவி!" என்று யாராவது கத்தினால் போதும். குருசுக்குப்பத்து வீட்டு வாசலில் உடனே துடைப்பம் ஓங்கும். ஆனால், அடிபட்டு விழுவது எப்போதும் குளவிதானா? இல்லை! சில வேளைகளில் அது கொட்டவே தெரியாத அந்துப்பூச்சியாக இருக்கும்.

அந்துப்பூச்சி என்றால், இரவில் விளக்கைச் சுற்றும் விட்டில்தான் நினைவுக்கு வரும். பட்டப்பகலில் பூவுக்குப் பூ தாவித் தேன் குடிக்கும் அந்துப்பூச்சிகளும் உண்டு. அவற்றுள் ஒன்று 'யூக்ரோமியா பாலிமீனா'. இதைப் 'பாலிமீனா' என்று 1758-ம் ஆண்டில் அழைத்தவர், சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். கடற்கரை மணலில் படரும் அடம்பங்கொடியின் இனத்துக் கொடிகளை இதன் புழுக்கள் தின்று வளரும்.

புலி வேடம்

கறுப்புச் சிறகு, அதில் செம்மஞ்சள் திட்டுகள். வயிற்றில் சிவப்புப் பட்டைகள், நீல மினுமினுப்பு. பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். அந்தப் பயம்தான் இதற்குக் கவசம்!

ஒரு முறை குளவியிடம் கொட்டுப்பட்ட பறவை, அந்தச் சாயலில் எது வந்தாலும் ஒதுங்கிப் போகும். புலி வேடக்காரனைக் கண்டு குழந்தைகள் ஓடுவதில்லையா? அதைப் போலத்தான். அமேசான் காடுகளில் 11 ஆண்டுகள் அலைந்த இங்கிலாந்து நாட்டு அறிஞர் பேட்ஸ், இத்தகைய வேடத்தின் இரகசியத்தை 1862-ல் விளக்கினார்.

அடையாளம் என்ன?

இடுப்பைப் பாருங்கள். குளவிக்கு நூல் போன்ற இடை. அந்துப்பூச்சிக்குத் தடித்த உடல்.

உட்காரும் விதத்தைப் பாருங்கள். கூடு கட்டிக் கூட்டமாக வாழும் குளவி, சிறகை நீளவாக்கில் மடித்து ஒடுக்கிக்கொள்ளும். இந்த அந்துப்பூச்சியோ சிறகை விரித்தபடி இலைமேல் அமர்ந்திருக்கும்.

வாயைப் பாருங்கள். குளவிக்குக் கடிக்கும் தாடை உண்டு. இதற்குச் சுருட்டி வைத்த உறிஞ்சுகுழல்தான். கொடுக்கு கிடையவே கிடையாது!

சந்தேகமாக இருந்தால் தொட வேண்டாம். இரண்டடி தள்ளி நின்று பாருங்கள், போதும்.

பறவையிடமிருந்து உயிரைக் காக்கும் வேடமே, மனிதனிடம் இதற்கு எமனாகிவிடுகிறது. அடுத்த முறை துடைப்பத்தை ஓங்குமுன், அதன் இடுப்பை ஒரு கணம் பாருங்கள். ஓர் அப்பாவி உயிர் பிழைத்துப் போகட்டுமே!