"நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி சுகர் வரும்?"

போன எபிசோடுக்கு வந்த கேள்விகளில் ஒரே கேள்வியைப் பல பேர் வேற வேற வார்த்தையில் கேட்டிருந்தீங்க. "என் வெயிட் 63 கிலோதான், உயரம் 170 சென்டிமீட்டர். பிஎம்ஐ நார்மல். ஆனா ஆபீஸ் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் ப்ரீ டயபடீஸ்னு போட்டிருக்கு. லேபில் ஏதாவது மாத்திட்டாங்களா?" இதுதான் கேள்வி. மாத்தியிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. நம்ம ஊர்ல இது சகஜமா நடக்கிற விஷயம். ஏன் நடக்குது, இருபதுகளில் இருக்கிற நாம என்ன செய்ய முடியும் என்பதுதான் இன்றைய பேச்சு. நான் டாக்டர் இல்லை, கோட் எழுதிப் பிழைக்கிறவன். மருந்து, மாத்திரை பற்றியெல்லாம் உங்க டாக்டரிடம்தான் கேட்கணும்.

முதலில் அந்த ரிப்போர்ட்டில் இருக்கிற எண். ஹெச்பிஏ1சி என்று ஒரு வரி இருக்கும். ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அதனால எவ்வளவு ஒட்டியிருக்கு என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதத்தோட சராசரி தெரிந்துவிடும். டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் ஸ்வீட் சாப்பிடாம இருந்து இதை ஏமாத்த முடியாது. 5.7-க்குக் கீழே இருந்தால் நார்மல். 5.7 முதல் 6.4 வரை ப்ரீ டயபடீஸ். 6.5-ம் அதற்கு மேலேயும் டயபடீஸ். நம்ம பாஷையில் சொன்னா நடுவில் இருக்கிறது கம்பைலர் கொடுக்கிற வார்னிங். பில்ட் பாஸ் ஆயிடுது, யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் இன்டியாப் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு டயபடீஸ் இருக்கு. இந்த வார்னிங் நிலையில் இருப்பவர்கள் 13 கோடியே 60 லட்சம். அதாவது வந்தவங்களை விட வாசலில் நிக்கிறவங்க அதிகம்.

சரி, ஒல்லியா இருக்கிறவங்க அந்த வாசலுக்கு எப்படிப் போறாங்க?

2004-ல் லான்செட் இதழில் ஒரே ஒரு போட்டோவை வச்சு ஒரு குட்டிக் கட்டுரை வந்தது. ரெண்டு டாக்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிக்கிறாங்க. ஒருத்தர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனா உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். யுட்கின் மாரத்தான் ஓடுறவர். தன்னோட முக்கியமான உடற்பயிற்சி, காலையில் ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுறதுக்குள்ள ஓடிப்போய் ஏறுறதுதான்னு யாஜ்னிக் தன்னைத்தானே கிண்டல் பண்ணியிருப்பார். ஆனா உடற்பயிற்சி மட்டுமே காரணம் என்று அவங்க முடிக்கலை. யாஜ்னிக் பிறக்கும்போதே எடை குறைவாப் பிறந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்றாங்க.

இந்தப் பிறப்பு எடை விஷயம் எனக்குப் படிக்கும்போதே தூக்கிவாரிப் போட்டது. யாஜ்னிக்கும் அவரோட குழுவும் புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோட ஒப்பிட்டாங்க. இங்கே சராசரி 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. நம்ம குழந்தைகளுக்குத் தசை குறைவு, உறுப்புகளும் சின்னது. ஆனா தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவே இல்லை. அதாவது தொட்டிலில் இருக்கும்போதே பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இதில் யாரோட சோம்பேறித்தனமும் கிடையாது.

கொழுப்பு இருப்பது பிரச்சினை இல்லை, அது எங்கே இருக்கு என்பதுதான் பிரச்சினை. வீட்டில் பரண் இருக்கும் இல்லையா, அதை யோசிச்சுப் பாருங்க. பெரிய பரண் இருந்தா எவ்வளவு சாமான் வந்தாலும் மேலே ஏத்திடலாம், வீடு பாட்டுக்கு நடக்கும். தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு அந்த மாதிரி. நம்மில் பல பேருக்குப் பரண் சின்னது. சீக்கிரம் நிறைஞ்சிடும். அப்புறம் வர்ற சாமானை ஹாலிலும் அடுப்படியிலும் வைக்க ஆரம்பிப்போம். உடம்பில் ஹாலும் அடுப்படியும்தான் கல்லீரல், குடலைச் சுற்றி இருக்கிற இடம், தசைக்குள்ளே. அங்கே கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சொல்றது அந்த உறுப்புகளுக்குச் சரியாக் கேட்காது. கணையம் இன்னும் சத்தமாகக் கத்தும், அதாவது இன்சுலினை அதிகமாச் சுரக்கும். பல வருஷம் கத்திக் கத்தி அது களைச்சுப் போகும்போதுதான் ரிப்போர்ட்டில் எண் ஏறத் தொடங்கும்.

அதனால எடை மெஷினை நம்பாதீங்க, டெய்லர் டேப்பை எடுங்க. ஒரு பக்கம் கடைசி விலா எலும்பு எங்கே முடியுது, இடுப்பு எலும்பு எங்கே ஆரம்பிக்குது என்று விரலால் தடவிப் பார்த்து, ரெண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுத்துங்க. மூச்சைச் சாதாரணமா வெளியே விட்டுட்டு அளக்கணும். வயித்தை எக்கிப் பிடிக்கக் கூடாது, யாரும் பார்க்கலை. நம்ம ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், இதைத் தாண்டினால் கவனிக்கணும். "நான் 32 சைஸ் பேன்ட்தான் போடுறேன்" என்று ஆரம்பிக்காதீங்க. நாம பேன்ட் போடுறது தொப்பைக்குக் கீழே. பிஎம்ஐ பார்த்தே ஆகணும் என்றால், ஊர் உலகம் சொல்ற 25 நமக்குப் பொருந்தாது. இந்தியர்களுக்கு 23-லிருந்தே அதிக எடை என்றுதான் கணக்கு.

சென்னையில் இருக்கிற மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005-ல் ஒரு ஸ்கோர் வெளியிட்டாங்க. ஐடிஆர்எஸ் என்று பெயர். ரத்தம் எடுக்க வேண்டாம், நாலே கேள்வி. வயசு, இடுப்புச் சுற்றளவு, உடல் உழைப்பு, அப்பா அம்மாவுக்கு சுகர் உண்டா. மொத்தம் 100 மார்க், 60 வந்தால் ரிஸ்க் அதிகம். என் டீமில் இருக்கிற யாரையாவது போட்டுப் பார்ப்போம். வயசு 28, அதுக்கு 0. இடுப்பு 92, அதுக்கு 10. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி இல்லை, அதுக்கு 30. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சுகர், 20. ஆக 60. முடியில் ஒரு நரை கூட இல்லாம, ஒல்லியா இருக்கிற பையன் ஹை ரிஸ்க்கில் வந்து நிக்கிறான். நான் இதில் பார்க்கிறது வேற. வயசையும் பெத்தவங்களையும் மாத்த முடியாது. ஆனா இடுப்புக்கும் உழைப்புக்கும் மட்டும் சேர்த்து 50 மார்க் இருக்கு.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். என் நண்பன் ஒருத்தன் சொல்லிக்கோ என்று அனுமதி கொடுத்திருக்கான், அதனால சொல்றேன். வயசு 27, எடை 62, ஹெச்பிஏ1சி 6.2. ரிப்போர்ட் வந்து ரெண்டு மாசம் யாரிடமும் மூச்சு விடலை. வீட்டில் மட்டும் சொன்னான். "வரன் பார்த்துக்கிட்டு இருக்கோம்டா, இது வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்? யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்கள் அவன் அம்மா. அவங்களைக் குறை சொல்லவும் முடியாது, அவங்க பயம் அவங்களுக்கு. ஆனா விளைவு என்ன? டாக்டரைப் பார்க்கலை. தானா ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சு மதியச் சாப்பாட்டையே நிறுத்திட்டான். ராத்திரி ஒன்பது மணிக்குப் பசி தாங்காம கொத்து பரோட்டா. ஒவ்வொரு தடவை கேன்டீனில் சோறு எடுக்கும்போதும் குற்றம் பண்ற மாதிரி இருக்குடா என்றான். என்னைக் கேட்டால் 6.2-ஐ விட அவனை அதிகம் படுத்தினது இந்த ரகசியம்தான். தெரியாத நோய்க்கு யாரும் இப்படிக் கூசுறதில்லை. அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு மாமா என்று எல்லாருக்கும் இருக்கிற சுகருக்கு மட்டும் இருபத்தேழு வயசில் ஏன் இவ்வளவு வெட்கம்?

அவனுக்கு நான் காட்டினது ரெண்டு ஆய்வு. ரெண்டுமே டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவரோட சென்னைக் குழுவும் செய்தவை. முதலாவது 2006-ல் வெளியானது. ப்ரீ டயபடீஸ் நிலையில் இருந்த 531 பேரை எடுத்துக்கிட்டாங்க. சாதாரணமா விட்ட குழுவில், ஆய்வு நடந்த சுமார் மூணு வருஷத்தில் 55 சதவீதம் பேர் டயபடீஸுக்குப் போயிட்டாங்க. தினம் நடை, இனிப்பும் மாவுச்சத்தும் எண்ணெயும் குறைச்ச சாப்பாடு என்று வழிகாட்டின குழுவில் 39 சதவீதம். கவனிங்க, இவங்க பெரிசா எடை குறையவே இல்லை! எடை மெஷின் ஒண்ணும் காட்டாம இருந்தபோதே உள்ளே மாற்றம் நடந்திருக்கு. அதே சமயம் நடந்தும் 39 சதவீதம் பேருக்கு வந்திருக்கு என்பதையும் மறைக்க வேண்டாம். இது மந்திரம் இல்லை, வாய்ப்பைக் குறைக்கிற வேலை.

இரண்டாவது ஆய்வு 2013-ல். இதுக்கு நம்ம ஆளுங்க சந்தோஷப்படலாம். ப்ரீ டயபடீஸ் நிலையில் இருந்த, வேலைக்குப் போகிற 537 ஆண்கள். எல்லாருக்கும் ஆரம்பத்தில் ஆலோசனை கொடுத்தாச்சு. அதில் பாதிப் பேருக்கு மட்டும் அதுக்கு மேலே போனில் எஸ்எம்எஸ். ஆப் கிடையாது, வாட்ச் கிடையாது, சாதாரண எஸ்எம்எஸ். ரெண்டு வருஷத்தில் மெசேஜ் வராதவங்களில் 27 சதவீதம் பேருக்கு டயபடீஸ், வந்தவங்களில் 18 சதவீதம். யாரோ ஒருத்தர் விடாம ஞாபகப்படுத்திக்கிட்டே இருந்தால் அவ்வளவு வித்தியாசம். என் நண்பனுக்கு அந்த எஸ்எம்எஸ் வேலையை இப்ப அவன் அக்கா பார்க்கிறாங்க. ராத்திரி எட்டே முக்காலுக்கு "சாப்ட்டியா, நடந்தியா" என்று போன் வரும். எட்டு மாசத்தில் இடுப்பு 93-லிருந்து 87. எடை ஒரே ஒரு கிலோ குறைஞ்சிருக்கு. ஹெச்பிஏ1சி 5.8. இன்னும் வார்னிங்தான், ஆனா திசை மாறியிருக்கு.

அவன் என்ன செஞ்சான் என்று கேட்பீங்க. டாக்டரைப் பார்த்தான், அது முதல் வேலை. மற்றபடி, சாப்பிட்டு முடிச்சதும் பத்துப் பதினைந்து நிமிஷம் நடை. இதுக்குக் காரணம் இருக்கு. வேலை செய்யும் தசை, இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் தானாகவே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் சர்க்கரை ஏறுற நேரத்தில் தொடைத் தசைக்கு வேலை கொடுத்தால் ஏற்றம் அடங்கும். மதியம் மீட்டிங் இருந்தால் போனைக் காதில் வச்சுக்கிட்டு ஆபீஸ் மாடிப்படி பக்கம் நடங்க. கேமரா ஆஃப் பண்ண ஒரு நல்ல காரணம். அதோட வாரம் ரெண்டு நாள் தசைக்கான பயிற்சி. ஜிம் இல்லாட்டி தோப்புக்கரணம், தண்டால், தண்ணி கேனைத் தூக்குறது. உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 நிமிஷம் நடை மாதிரியான உழைப்பு, அதோட ரெண்டு நாள் தசைப் பயிற்சி என்றுதான் சொல்லுது. தசை நம்மிடம் கம்மி என்பதை மேலே பார்த்தோம், அதனால இந்த ரெண்டு நாளை நான் விடமாட்டேன்.

சோற்றை நிறுத்தச் சொல்லலை. தட்டைக் கலைச்சு அடுக்கச் சொல்றேன். நம்ம மதியத் தட்டில் சோறு மலை, பொரியல் ஒரு ஸ்பூன், முட்டையோ சுண்டலோ ஊறுகாய் அளவு. பாதித் தட்டு காய், கால் தட்டு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் மாதிரி ஏதாவது, மிச்சக் கால் தட்டில் சோறு. முதலில் காயும் புரதமும், அப்புறம் சோறு. காபி டீயையும் எண்ணிப் பாருங்க. நாலு கப், கப்புக்கு ரெண்டு ஸ்பூன் என்றால் தினம் எட்டு ஸ்பூன், 32 கிராமுக்குக் குறையாது. சேர்த்துக்கிற சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"நாட்டுச் சர்க்கரைக்கு மாறிட்டேன்" என்று எழுதியவர்களுக்கு: கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை எல்லாமே ரத்தத்தில் சர்க்கரைதான். "ராத்திரி சப்பாத்தி" என்றவர்களுக்கு: நாலு சப்பாத்தியும் ஒரு தட்டுச் சோறும் மாவுச்சத்துக் கணக்கில் அண்ணன் தம்பிதான். கையில் ஒட்டுகிற சென்சார் வாங்கலாமா என்று மூணு பேர் கேட்டிருக்கீங்க. சுகர் இல்லாதவங்களுக்கும் சாப்பிட்டால் கோடு ஏறி இறங்கும். அதைப் பார்த்துப் பதறுறதுக்கு அவ்வளவு காசு வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னும் ரெண்டு எச்சரிக்கை. ரத்த சோகை இருந்தால் ஹெச்பிஏ1சி சரியா காட்டாது. இரும்புச்சத்துக் குறைவில் எண் கூடுதலா வரலாம். பெண்கள் இதை டாக்டரிடம் கண்டிப்பா சொல்லுங்க, வெறும் வயித்து டெஸ்டும் குளுக்கோஸ் குடிச்சு எடுக்கிற டெஸ்டும் சேர்த்துப் பார்ப்பாங்க. கர்ப்ப காலத்தில் சுகர் வந்து போனவங்களுக்கும், பிசிஓஎஸ் இருக்கிறவங்களுக்கும் வருஷா வருஷம் டெஸ்ட் பண்ணலாமா என்று கேட்டுக்கங்க.

அடுத்தது அவசரமானது. ஒல்லியா இருக்கிற ஒருத்தருக்கு சில வாரங்களிலேயே எடை மளமளவெனக் குறைஞ்சு, தாகம் அடங்காம, ராத்திரி அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருந்தால் இந்த எபிசோடில் சொன்ன நடை, தட்டு எதையும் முயற்சி பண்ணிப் பார்க்காதீங்க. அது டைப் 1 ஆக இருக்கலாம், இன்சுலின் தேவைப்படலாம். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கூடவே வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்குறது இருந்தால் எமர்ஜென்சிக்கே போகணும்.

உங்க இடுப்பு அளவையும் ஐடிஆர்எஸ் ஸ்கோரையும் எனக்கு அனுப்ப வேண்டாம், வீட்டில் ஒருத்தரிடம் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் ஸ்கேன் ரிப்போர்ட்டில் "ஃபேட்டி லிவர் கிரேடு 1" என்று வந்தால் என்ன அர்த்தம் என்று பார்ப்போம். வரட்டுமா.