டென்னிஸ் பந்துகளின் மேல் டிரம்ஸ்

அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் தளத்தில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகனுக்கு மின்னணு டிரம்ஸ் வாங்கிக் கொடுத்தாராம். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டுதான் வாசிக்கிறான். பக்கத்து அறையில் இருக்கும் அவருக்கே தொந்தரவு இல்லை. ஆனால் கீழ்வீட்டுக்காரர் அடிக்கடி வந்து கதவைத் தட்டுகிறார். வேண்டுமென்றே வம்பு செய்கிறாரோ என்பது வாசகியின் சந்தேகம். இல்லை அம்மா, அவருக்கு உண்மையிலேயே கேட்கிறது. உங்களுக்குக் கேட்பதைவிட அதிகமாகவே கேட்கிறது.

சத்தம் காற்று வழியாகவும் வரும், கட்டடத்தின் வழியாகவும் வரும். எங்கள் மேல்வீட்டில் பேசுவது ஒரு சொல்கூடக் கீழே வராது. ஆனால் காலையில் அந்த வீட்டு அம்மா சமையல் மேடையில் இடிகல்லை வைத்து இஞ்சி தட்டினால் எங்கள் கூடம் வரைக்கும் அதிரும். இடிகல்லுக்கு அடியில் சாக்குத் துண்டை மடித்துப் போட்ட பிறகு அது அடங்கிவிட்டது. டிரம்ஸில் அந்த இடிகல்லின் வேலையைச் செய்வது கிக் பெடல்.

காலால் மிதித்தால் ஒரு சிறு சுத்தி போய்ப் பெரிய டிரம்மை அடிக்கும், அதுதான் பெடல். வேகமாக வேலை செய்யும் பெடல் ஒன்றைச் செய்து விற்பதற்காகத்தான் லட்விக் சகோதரர்கள் 1909இல் சிகாகோவில் தொழில் தொடங்கினார்கள். பல பேர் தனித்தனியாக அடித்த வாத்தியங்களை ஒரே ஆள் உட்கார்ந்து வாசிக்க முடிந்ததில் பெடலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1997இல், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் அமெரிக்காவின் ரெமோ நிறுவனத்தோடு சேர்ந்து வலைத்துணியால் ஆன டிரம் முகத்தைக் கொண்டுவந்தது. தோலோ பிளாஸ்டிக் படலமோ காற்றை அடித்துத் தள்ளும். வலையில் காற்று கண்களின் வழியே நழுவிவிடும். குச்சி துள்ளும், சத்தம் அவ்வளவாக எழாது. இன்று மின்னணு டிரம்ஸ் பலவற்றில் இருப்பது இந்த மெஷ் ஹெட்தான். காற்று வழி இப்படி ஏறக்குறைய அடைபட்டது. தரை வழி திறந்தே கிடக்கிறது. பெடலின் ஒவ்வொரு மிதியும் நேராகக் கான்கிரீட்டில் இறங்கி, கீழ்வீட்டின் கூரையையே ஒரு டிரம் முகமாக்கிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் பணம் வீணாகிறது. முட்டை அட்டையையும் தெர்மாகோலையும் சுவரெங்கும் ஒட்டுகிறார்கள். அவை அறைக்குள் எழும் கீச்சென்ற எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறக்குறைய 7 மீட்டர். சில சென்டிமீட்டர் அட்டை அதை என்ன செய்துவிடும்? சுவர் வழியே போகும் ஒலியைத் தடுப்பது முக்கியமாக எடைதான். சுவரின் எடையை இரட்டித்தால் கணக்குப்படி 6 டெசிபல் குறையும். தெர்மாகோலுக்கு ஏது எடை?

தரைக்கான வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விநோதம். உலகெங்கும் வீட்டில் பயிற்சி செய்யும் டிரம்ஸ் கலைஞர்கள் டென்னிஸ் பந்துகளின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு கனமான பிளைவுட் பலகைகள்; இரண்டிலும் நேருக்கு நேராக, பந்தின் விட்டத்தைவிடச் சற்றுச் சிறிய துளைகள்; அந்தத் துளைகளில் அமர்ந்த பந்துகள்தான் மேல் பலகையைத் தாங்குகின்றன. டிரம்ஸ், இருக்கை, வாசிப்பவர் மூன்றும் அந்த மேடைமேல்.

பந்துகள் நிறையப் போட்டால் நல்லது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அங்கேதான் தவறுகிறார்கள். மேடைக்கு என்று இயல்பான ஓர் ஆட்டம் உண்டு. பந்துகள் எவ்வளவு அமுங்குகின்றனவோ அவ்வளவுக்கு அது மெதுவாகும். சர்வதேச டென்னிஸ் விதிப்படி வழக்கமான பந்து 8 கிலோ சுமையில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அந்த அமுக்கத்துக்கு மேடையின் ஆட்டம் நொடிக்கு 6 அல்லது 7. அதைப் போல நான்கு மடங்கு வேகமுள்ள அதிர்வு வந்தால், ஏட்டுக் கணக்கில் பதினைந்தில் ஒரு பங்குதான் தரைக்கு இறங்கும். நிஜ ரப்பரும் நிஜத் தரையும் அவ்வளவு தாராளமாக இருக்காது, ஆனாலும் வித்தியாசம் பெரிது.

வாசிப்பவர், டிரம்ஸ், பலகை எல்லாம் சேர்ந்து 120 கிலோ என்றால் 15 பந்துகள் போதும். 60 பந்துகளைத் திணித்தால் ஒவ்வொன்றின் தலையிலும் 2 கிலோதான்; பந்து அமுங்காது, ஆட்டத்தின் வேகம் இரட்டிக்கும், பயன் பெருமளவு போய்விடும். இருக்கைக்குக் கீழே நெருக்கமாகவும் மற்ற இடங்களில் தள்ளியும் வைத்தால் எல்லாப் பந்தும் ஒரே அளவில் அமுங்கும். மேல் பலகையின் ஒரு மூலை சுவரைத் தொட்டாலும் அத்தனை உழைப்பும் பாழ். அதிர்வு அந்த மூலை வழியே சுவரில் ஏறிவிடும். தச்சர் செய்து முடித்ததும் மகனை மேலே வாசிக்கச் சொல்லிவிட்டு, கீழ்வீட்டுக்குப் போய் நீங்களே கேட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

வாசிப்பவரின் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் யாரும் அதைக் கேட்பதில்லை. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். மூடிய சின்ன அறையில் சாதாரண டிரம்ஸ் 100ஐ எளிதாகத் தாண்டும். ஹெட்ஃபோனில் ஒலியைக் கூட்டி வைத்தாலும் அதே கேடுதான். இழந்த கேள்விப்புலன் திரும்பாது. டிரம்ஸுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் காதடைப்பானுக்குச் சில நூறு ரூபாய் யோசிக்கிறார்கள்.

சில குடியிருப்புச் சங்கங்கள் புகார் வந்ததும் வாத்தியமே கூடாது என்று எழுதி ஒட்டிவிடுகின்றன. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவை விட்டுவிட்டு, பகலில் இரண்டு வீடும் பேசி நேரம் வைத்துக்கொண்டால் ஒரு பிள்ளையின் கலை பிழைக்கும்.

கட்டும்போதே செய்திருந்தால் இந்தச் சண்டைகளில் பாதி எழாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒலித்தடுப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கான்கிரீட் தளத்துக்கும் மேல்பூச்சுக்கும் நடுவே மெத்தென்ற ஓர் அடுக்கை விரித்தால் காலடி, நாற்காலி, கிக் பெடல் எல்லாமே அடங்கும். டைல்ஸின் நிறத்தை விசாரிக்கும் நாம் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. வீடு வாங்கப் போகிறவர்கள் பூச்சு வேலை தொடங்கும் முன்பே கட்டுநரிடம் கேளுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு அதைப் பெயர்த்தெடுக்காமல் இந்த அடுக்கைப் போட முடியாது.