பனிக்காலத்துக் கொல்லைப்புறம்

ஆண்டவர் வகுத்த பருவங்கள் எல்லா நாட்டிலும் ஒரே முகத்தோடு வருவதில்லை. திருவண்ணாமலையில் மார்கழிப் பகல் மிகவும் குறுகிப்போகும் நாளில்கூடக் கதிரவன் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம் வானில் நிற்கிறான். ஸ்வீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் அதே நாளில் பகற்பொழுது ஏறத்தாழ 6 மணி நேரமே. நார்வேயின் வடகோடியிலோ இரண்டு மாத அளவுக்குக் கதிரவன் தலைகாட்டுவதே இல்லை. அங்கே ஒரு குடும்பத்தின் கொல்லைப்புறம் டிசம்பரில் எப்படி இருக்கும்? நம் கொல்லைப்புறம் எப்படி இருக்கிறது? இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது திருவருகைக் காலத்தில் பயனுள்ள தியானமாகும்.

பனிக்கடியில் ஒரு தோட்டம்

டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய வடநாடுகளில் குளிர்காலத்தில் மண் இறுகிவிடும். விதைக்க இயலாது. ஆகவே உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட் முதலியவற்றை இலையுதிர் காலத்திலேயே அகழ்ந்தெடுத்து, நிலவறையில் மணலுக்குள் புதைத்து வைப்பது அந்நாட்டு மக்களின் பழைய வழக்கம். முட்டைக்கோசை உப்பிட்டோ காடியில் ஊறவைத்தோ காப்பார்கள். ஒரு செடி பனியிலும் நிமிர்ந்து நிற்கும். அது கேல் எனப்படும் சுருள் இலைக் கீரை. உறைபனி பட்டால் அது கெடுவதில்லை; இன்னும் இனிப்பாகிறது. குளிரில் தன் திசுக்கள் உறைந்து வெடிக்காதபடி, அச்செடி தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. சோதனைக் காலத்தில் கசந்துபோகாமல் இனித்துப்போகும் ஆன்மாவுக்கு இதைவிட நல்ல உவமை வேண்டுமா?

கிறிஸ்து பிறப்பு விழாவிலும் அவர்களுடைய தோட்டமும் வயலும் பங்குகொள்கின்றன. பாலில் வேகவைத்த அரிசிக் கஞ்சியில் ஒரே ஒரு வாதுமைப் பருப்பை ஒளித்துவைத்து, அதைக் கண்டெடுப்பவருக்குச் சிறு பரிசு தருவது டென்மார்க்கிலும் நார்வேயிலும் உள்ள குடும்ப வழக்கம். நார்வேயில் அறுவடையின்போதே ஒரு கட்டு ஓட்ஸ் கதிரை ஒதுக்கி வைத்திருந்து, விழாக் காலத்தில் அதைக் கம்பத்தின் உச்சியில் கட்டிப் பறவைகளுக்கு விருந்தாக்குவார்கள். தனக்கே அளந்து உண்ணும் காலத்திலும் வானத்துப் பறவைக்குப் பங்கு வைத்தவர்கள் அவர்கள்.

தரங்கம்பாடி தந்த உறவு

இந்த வடநாட்டினர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் 1620இல் கால்பதித்தனர். 1860களில் டேனிஷ் மிஷனரி சங்கத்தார் அந்நாளைய தென் ஆற்காட்டுப் பகுதியில் பணி தொடங்கினர். அதன் பயனாய் எழுந்ததே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. திருவண்ணாமலை நகரில் டேனிஷ் மிஷன் பள்ளியின் பெயரை அறியாதவர் யார்? பிரிந்த சகோதரராயினும், கல்விக்கு அவர்கள் ஆற்றிய தொண்டை நன்றியுடன் நினைக்கிறோம்.

நம் சமையலறைக்கு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. ஸ்வீடனின் உப்சாலாவில் தாவரவியல் மேதை லின்னேயஸிடம் பயின்ற கொயனிக் என்னும் மருத்துவர் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து, நம் நாட்டுச் செடிகளை ஆராய்ந்து தம் ஆசிரியருக்கு எழுதிவந்தார். 1771இல் லின்னேயஸ் நம் கறிவேப்பிலைக்குத் தாவரவியல் பெயர் சூட்டியபோது, அதில் இந்த மாணவரின் பெயரையும் பதித்துவிட்டார். 'கொயனீகி' என்ற அச்சொல் இன்றும் அதன் அறிவியல் பெயரில் நிற்கிறது. நாம் தாளிக்கும்போது உருவிப்போடும் இலைக்குள் இப்படியோர் உறவு ஒளிந்திருக்கிறது!

நம் அவரைப் பந்தல்

வடநாட்டுத் தோட்டம் உறங்கும் காலத்தில்தான் நம் தோட்டம் விழித்தெழுகிறது. ஆடிப் பட்டத்தில் ஊன்றிய அவரை, மழை மாதங்களில் பந்தலெங்கும் இலையாகவே படர்கிறது. பொறுமையற்றவன், "இது காய்க்காத கொடி" என்று வெட்டி எறிந்துவிடுவான். ஆனால் நாட்டு அவரை பகல் குறுகுவதற்காகக் காத்திருக்கும் செடி. இரவு நீளத் தொடங்கிய பின்னரே அது பூவெடுக்கும். கார்த்திகையில் பூவும் மார்கழியில் பிஞ்சும் தையில் கூடை நிறையக் காயுமாக, இருள் மிகுந்த நாட்களில் அது பலன் தருகிறது. திருவருகைக் காலம் சொல்லும் பாடமும் இதுவேயன்றோ? நீண்ட இரவில்தான் பெத்லகேமில் ஒளி பிறந்தது.

அதே நாட்களில் பரங்கிப் பூ வாசற் கோலத்தில் அமர்கிறது. மொச்சை முற்றுகிறது. சர்க்கரைவள்ளியும் கருணையும் மஞ்சளும் இஞ்சியும் தைத்திருநாளுக்குத் தயாராகின்றன. சேமிக்கும் கலையும் நம் முன்னோருக்குத் தெரியும். சுண்டைக்காயும் கொத்தவரையும் வெயிலில் வற்றலாயின. துவரைக்குச் செம்மண் கட்டினார்கள். விதைக்குச் சாம்பல் பூசினார்கள். அவர்கள் குளிருக்கு அஞ்சிச் சேமித்தார்கள். நாம் அடைமழைக்கும் கோடைக்கும் அஞ்சிச் சேமித்தோம். இரண்டிலும் நாளையை எண்ணும் பெற்றோரின் அன்பே வேலை செய்கிறது.

டிசம்பர் 13

டிசம்பர் 13 புனித லூசியாவின் திருநாள். சிசிலித் தீவின் சிராக்கூசில் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதசாட்சியாய் மரித்த இக்கன்னியின் பெயருக்கு ஒளி என்பது பொருள். பழைய நாட்காட்டியில் ஆண்டின் மிக நீண்ட இரவு இந்நாளையொட்டியே வந்ததால், ஸ்வீடன் மக்கள் இதைப் பெருவிழாவாகக் கொண்டாடினர். இன்றும் வெண்ணுடை உடுத்திய சிறுமி, தலையில் மெழுகுவர்த்திகள் செருகிய முடியுடன், குங்குமப்பூச் சேர்த்த ரொட்டியை விடியலில் வீட்டாருக்குக் கொண்டு வருகிறாள்.

இப்புனிதையின் திருநாளுக்குப் பின்வரும் புதன், வெள்ளி, சனி ஆகிய நாட்களில் திருச்சபை முற்காலத்தில் ஒருசந்தி காத்து, நிலத்தின் பலனுக்காக நன்றி செலுத்தி மன்றாடியது. ஆண்டின் நான்கு பருவங்களிலும் இவ்வாறு மும்மூன்று நாட்கள் உண்டு. 1969ஆம் ஆண்டின் வழிபாட்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் அவற்றின் நாளும் முறையும் அந்தந்த நாட்டு ஆயர்களின் பொறுப்பில் விடப்பட்டன. பருவத்தைச் செபத்தோடு இணைத்த அந்த ஞானம் மறக்கத்தக்கதன்று.

2024ஆம் ஆண்டில் திருவண்ணாமலை மகாதீபமும் இதே டிசம்பர் 13இல் வந்தது. 2,668 அடி உயர மலையுச்சியில் தீபம் எரிந்தபோதும் நகரின் உள்ளம் கனத்திருந்தது. டிசம்பர் முதல் நாளன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு உருண்டு ஒரு வீட்டின்மேல் விழுந்து, சிறுவர்கள் உட்பட ஏழு பேர் மாண்டிருந்தனர். அவ்வாண்டு பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. அயலாரின் துயரம் நம் துயரமே. மண்ணும் நீரும் நம் விருப்பத்துக்கு அடங்குபவை அல்ல என்பதையும் அந்நாள் கற்பித்தது.

வெறுமையாகும் கொல்லை

இன்று நம் பங்குகளில் புதுவீடு கட்டுவோர் வாசல் முதல் புழக்கடை வரை சிமெண்டு பூசிவிடுகிறார்கள். முருங்கை நின்ற இடத்தில் வண்டி நிற்கிறது. இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேரும், 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 பேரும் இரத்தசோகை உடையவர்கள். கிறிஸ்துமஸ் கேக்குக்குச் செலவிடும் குடும்பத்திலும் குழந்தையின் இமையின் உட்புறம் வெளுத்திருக்கலாம். முருங்கைக் கீரை மட்டுமே இந்நோயைத் தீர்த்துவிடும் என்று சொல்லவில்லை. மருத்துவரும் மாத்திரையும் வேண்டும். எனினும் அன்றாடம் ஒரு பிடி கீரையும், உடன் ஓர் எலுமிச்சைத் துண்டோ நெல்லிக்காயோ ஏழைக்கும் எட்டக்கூடிய துணையாகும்.

"வாடகை வீட்டில் இடம் ஏது? நீர் ஏது?" என்பீர்கள். நியாயமான கேள்வியே. ஆயினும் ஒரு பழைய சாக்கில் சிறுகீரை மூன்று நான்கு வாரங்களில் பறிப்புக்கு வரும். அரிசி கழுவிய நீர் அதற்குப் போதும். ஒரு முழ மண்ணும் இல்லாதவருக்கு, இடமுள்ளவர் தம் பந்தலிலிருந்து கொடுக்கட்டும். வயலோரத்துக் கதிரை முழுதும் அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விடும்படி பழைய ஏற்பாட்டில் ஆண்டவர் கட்டளையிட்டது இதற்காகவே. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் பூமியின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் சேர்த்துக் கேட்கச் சொன்னதும் இதையே.

ஆகவே பெற்றோரே, இத்திருவருகைக் காலத்தில் குடில் அமைக்கும்போதே பிள்ளைகளின் கையால் ஒரு தொட்டியில் கீரை விதையைத் தூவச் செய்யுங்கள். அது முளைப்பதை மாலைச் செபத்துக்கு முன் அவர்கள் பார்த்து வரட்டும். தைத்திருநாள் திருப்பலியில் கடையில் வாங்கிய பழத்தட்டோடு நம் வீட்டு அவரைக்காய் நான்கும் பீடத்துக்கு வரட்டும். பிறகு அது ஏழையின் அடுப்புக்குச் செல்லட்டும். இவ்வாண்டு பிஞ்சில் இரண்டைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிட்டு, வரும் ஆடிக்கு விதையாக எடுத்து வையுங்கள். அண்டை வீட்டாருக்கும் ஒரு கைப்பிடி கொடுங்கள்.