கேம்பர் டிரெய்லர் தேர்வு: புதியதா, பயன்படுத்தியதா?

கரடுமுரடான பாதைக்கான கேம்பர் டிரெய்லர் என்பது நான்கு சக்கர இயக்க வாகனத்தின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லப்படும் ஒரு முகாம் வண்டி ஆகும். கூடாரம், படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, மின்கலம் ஆகியவை இதனுள் மடித்து அடுக்கப்பட்டிருக்கும். ஆஸ்திரேலியாவில் இவ்வகை வண்டிகள் மிகுதியாகப் பயன்படுகின்றன. அந்நாட்டின் உள்நிலப் பகுதிகளில் ஊர்களுக்கு இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி இருப்பதும், பல பாதைகள் தார் போடப்படாமல் இருப்பதும் இதற்குக் காரணங்கள்.

இதனை வாங்க முனைவோர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, புதியதை வாங்குவதா அல்லது பிறர் பயன்படுத்தியதை வாங்குவதா என்பது. விலை வேறுபாடே முதலில் கண்ணில் படும். ஆனால் உதவிக்கு ஆளில்லாத இடத்தில் அச்சு முறிந்தாலோ சக்கரம் கழன்றாலோ ஏற்படும் ஆபத்து விலையைவிடப் பெரியது. ஆகவே வண்டியின் வயதைக் காட்டிலும் அதன் எடை, சட்டகம், ஆவணங்கள் ஆகிய மூன்றுமே தேர்வை முடிவு செய்ய வேண்டியவை.

வகைகள்

கேம்பர் டிரெய்லர்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. மென்தரை வகை: கூடாரம் பக்கவாட்டில் விரிந்து தரையில் படியும். எடையும் விலையும் குறைவு. விரித்துக் கட்ட நேரம் பிடிக்கும்.
2. பின்புறம் மடியும் வன்தரை வகை: மேல்மூடி பின்பக்கமாகத் திறந்து கூடாரத்தின் தரையாக அமையும். மண்ணும் ஈரமும் உள்ளே வருவது குறைவு.
3. முன்புறம் மடியும் வகை: மூடி முன்பக்கமாகத் திறந்து படுக்கைத் தளமாகும். உள்ளே அமர இடம் கிடைக்கும், எடை கூடுதல்.
4. கலப்பு வகை: பாதி கேரவன், பாதி கூடாரம் போன்றது. வசதி மிகுதி, எடையும் விலையும் மிகுதி.

பாதையின் தன்மை

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் உள்ள கிப் ரிவர் சாலை ஏறத்தாழ 660 கி.மீ. நீளமுடையது. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊட்னடட்டா பாதை 600 கி.மீ.க்கும் மேற்பட்டது. இத்தகைய மண் சாலைகளில், ஓடும் வாகனங்களின் சக்கரங்கள் துள்ளித் துள்ளி விழுவதால், கூரைக்குப் போடும் நெளி தகட்டைப் போலக் குறுக்கு வரிகள் உருவாகின்றன. ஒரு மீட்டருக்கு ஒரு வரி என்று கொண்டால்கூட, இவ்வாறு நெளிந்த சாலையில் 100 கி.மீ. செல்லும்போது ஒவ்வொரு சக்கரமும் ஒரு லட்சம் முறை அடி வாங்கும்.

ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் அது உடைவதில்லை. மீண்டும் மீண்டும் இருபுறமும் வளைத்தால் உடைகிறது. இது உலோகச் சோர்வு எனப்படும். டிரெய்லரின் சட்டகத்திலும் ஸ்பிரிங்கிலும் பற்றவைப்புகளிலும் நிகழ்வது இதுவே. நகரச் சாலையில் பத்தாண்டு ஓடிய வண்டியைவிட, மண் சாலையில் இரண்டே பருவம் ஓடிய வண்டி கூடுதலாகச் சோர்ந்திருக்கக்கூடும். எனவே தயாரிப்பு ஆண்டை மட்டும் பார்த்து வண்டியின் நிலையை மதிப்பிட முடியாது.

எல்லா டிரெய்லருக்கும் எல்லா இடத்திலும் அனுமதி இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மேற்கு ஆஸ்திரேலியாவின் புர்னுலுலு தேசியப் பூங்காவுக்குச் செல்லும் 53 கி.மீ. பாதையில் கேரவன்களுக்கு அனுமதி இல்லை; ஒற்றை அச்சுடைய, கரடுமுரடான பாதைக்கென உருவாக்கப்பட்ட டிரெய்லர்களே அனுமதிக்கப்படுகின்றன. செல்ல விரும்பும் இடத்தை முதலில் முடிவு செய்து, பிறகு வண்டியைத் தேடுவதே முறை.

எடைக் கணக்கு

டிரெய்லரின் அடையாளத் தகட்டில் சில எடைகள் குறிக்கப்பட்டிருக்கும்.

வெற்று எடை: தொட்டிகளில் தண்ணீரோ உள்ளே பொருள்களோ இல்லாதபோது வண்டியின் எடை.

ஏ.டி.எம்.: வண்டியும் அதில் ஏற்றிய அனைத்தும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை. (இதற்கும் வங்கியின் பணம் வழங்கும் இயந்திரத்துக்கும் தொடர்பில்லை.)

ஜி.டி.எம்.: இழுக்கும் வாகனத்துடன் இணைத்த நிலையில் டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கக்கூடிய உச்ச எடை.

ஏ.டி.எம். எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பது ஏற்றக்கூடிய சுமை. ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஏ.டி.எம். 1,500 கிலோ, வெற்று எடை 1,080 கிலோ எனில், ஏற்றக்கூடிய சுமை 420 கிலோ. தண்ணீர் 120 லிட்டர் (120 கிலோ), நிரம்பிய இரு சிறிய எரிவாயு உருளைகள் (20), டீசல் நிரப்பிய இரு கேன்கள் (40), குளிர்பெட்டியும் உணவும் (60), துணியும் படுக்கையும் (60), கருவிகள் (40), கூடுதல் உதிரிச் சக்கரம் (30) ஆகியவற்றைக் கூட்டினால் 370 கிலோ ஆகிவிடும். மிஞ்சுவது 50 கிலோ.

பயன்படுத்திய வண்டியில் இந்தக் கணக்கு எளிதில் தவறிவிடும். முந்தைய உரிமையாளர் இரண்டாவது மின்கலம் (30), இழுவைத் தட்டு (25), நிழல்கூரை (25), இரும்புச் சட்டம் (35) ஆகியவற்றைப் பொருத்தியிருந்தால் 115 கிலோ ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. தகட்டிலுள்ள எண்களோ மாறுவதில்லை. அதே பொருள்களை ஏற்றினால் வண்டி 65 கிலோ அளவுக்கு வரம்பை மீறும். வரம்பை மீறிய வண்டி சட்டப்படி குற்றத்துக்குரியது. நிற்க வேண்டிய தூரம் கூடும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. ஆகவே வாங்குமுன் வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பது நல்லது.

இணைப்புக் குமிழின்மீது இறங்கும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு இருப்பது ஆஸ்திரேலியாவில் பின்பற்றப்படும் பொதுக் கணக்கு. பின்புறம் பாரம் மிகுந்து இது குறைந்துவிட்டால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல நெளியத் தொடங்கும்.

பிரேக் விதியும் எடையைப் பொறுத்ததே. ஜி.டி.எம். 750 கிலோ வரையுள்ள ஒற்றை அச்சு டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2,000 கிலோ வரை குறைந்தது ஓர் அச்சின் சக்கரங்களில் பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருப்பதோடு, டிரெய்லர் கழன்றுவிட்டால் தானே பிரேக் பிடிக்கும் அமைப்பும் வேண்டும்.

புதிய டிரெய்லர்

நிறைகள்: புதியதை வாங்குவோர் தமது வாகனத்துக்கும் தேவைக்கும் ஏற்ப அச்சு, சக்கரம், இணைப்பு முறை ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். டிரெய்லரின் சக்கரமும் இழுக்கும் வாகனத்தின் சக்கரமும் ஒரே அளவிலும் ஒரே திருகு அமைப்பிலும் இருந்தால் உதிரிச் சக்கரத்தை இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். இது நெடும்பயணத்தில் பெரிய வசதி.

அடுத்தது சட்டப் பாதுகாப்பு. 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். பெருங்குறை இருந்தால் வாங்கியவர் பணத்தைத் திரும்பப் பெறவோ மாற்றுப் பொருள் பெறவோ கோரலாம். நிறுவனம் எழுதித் தரும் உத்தரவாதத்தில் எந்த நிபந்தனை இருந்தாலும் இந்த உரிமை பறிபோகாது. வெளிநாட்டில் தயாரான வண்டியாக இருந்து, தயாரிப்பாளருக்கு ஆஸ்திரேலியாவில் அலுவலகம் இல்லையெனில், இறக்குமதி செய்தவரே தயாரிப்பாளராகக் கருதப்படுவார்.

குறைகள்: புதியது என்பது உறுதிக்குச் சான்று ஆகாது. விளம்பரத்தில் எந்த வண்டியையும் கரடுமுரடான பாதைக்கு உரியது என்று எழுதலாம். எந்தெந்தப் பாதையில் ஓட்டலாம், எதில் ஓட்டினால் உத்தரவாதம் பொருந்தாது என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். விற்ற நிறுவனம் மூடப்பட்டுவிட்டால் உரிமை ஏட்டளவில் நின்றுவிடும். உதிரிப் பாகமும் கிடைக்காது.

மேலும், புதிய வண்டியில் தயாரிப்புக் குறைகள் முதல் பயணத்தில்தான் வெளிப்படும். சக்கர நட்டுகளை முதல் நூறு கிலோமீட்டருக்குள் மீண்டும் முறுக்கிப் பார்க்க வேண்டும். பருத்தி கலந்த கேன்வாஸ் துணியை நன்றாக நனைத்து, விரித்தபடியே உலர விட வேண்டும். அப்போது தையல் நூல் ஊறிப் பருத்து ஊசித் துளைகளை அடைக்கும். இதனைச் செய்யாமல் சென்றவர் முதல் மழையிலேயே கூடாரம் ஒழுகக் காண்பர்.

பயன்படுத்திய டிரெய்லர்

நிறைகள்: விலை குறைவு என்பதோடு, முதல் ஆண்டுகளின் மதிப்புக் குறைவை முந்தைய உரிமையாளரே ஏற்றுக்கொண்டிருப்பார். முன்னவர் பொருத்திய சூரிய மின்தகடு, மின்கலம், சேமிப்புப் பெட்டிகள் போன்றவை பெரும்பாலும் விலையோடு சேர்ந்தே வரும். கடினமான பாதையில் ஓடித் திரும்பிய வண்டி, தன் பலவீனங்களை ஏற்கெனவே காட்டியிருக்கும். பார்க்கத் தெரிந்தவர் அவற்றைக் கண்டுகொள்ளலாம்.

குறைகள்: தனியாரிடம் வாங்கும்போது தரம் பற்றிய நுகர்வோர் உரிமை பொருந்தாது. விற்பவருக்கே வண்டி சொந்தம் என்பது போன்ற உரிமை சார்ந்த உறுதிகள் மட்டுமே உண்டு. விற்பனை நிலையத்தில் வாங்கினால், வயதுக்கும் விலைக்கும் ஏற்ற அளவில் தர உரிமை பொருந்தும். தயாரிப்பாளரின் எழுத்து உத்தரவாதம் இரண்டாம் உரிமையாளருக்கு மாறுமா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

ஆய்வு செய்யும் முறை

பயன்படுத்திய வண்டியைப் பகல் வெளிச்சத்தில், முழுவதும் விரித்துப் பார்க்க வேண்டும்.

சட்டகம்: முன்புற இழுசட்டம் உடலோடு சேரும் இடத்திலும் ஸ்பிரிங் பொருத்திய இடங்களிலும் விரிசல் முதலில் தோன்றும். அடிப்பகுதியில் ஓரிடத்தில் மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தாலோ, பழைய பற்றவைப்பின்மேல் புதியது இருந்தாலோ காரணம் கேட்க வேண்டும். கடற்கரையில் ஓடிய வண்டியின் இரும்புக் குழாய்கள் உட்புறமிருந்து துருப்பிடித்திருக்கக்கூடும்.

சக்கரமும் பேரிங்கும்: ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும், சுழற்றி ஓசையைக் கேட்க வேண்டும். ஆட்டமும் கரகரப்பும் பேரிங் தேய்ந்ததைக் காட்டும்.

டயர்: பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரிப்புக் காலத்தைக் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தேயாத டயரும் வயதானால் பக்கச்சுவரில் வெடிப்பு விடும். ஒருபுறம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம்.

கூடாரம்: ஈரத்தோடு மடித்து வைத்த கேன்வாஸில் பூஞ்சணக் கறையும் வாடையும் இருக்கும். எலி கடித்த துளை, ஜிப், தையல் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கூடாரத்தை மாற்றுவது பெருஞ்செலவு.

தூசு: அலமாரிகளின் மூலையில் செம்மண் படிந்திருந்தால் ரப்பர் அடைப்புகள் நைந்துவிட்டன என்று பொருள். அது வண்டி ஓடிய பாதையையும் சொல்லும்.

மின்சாரமும் எரிவாயுவும்: மின்கலத்தின் வயதைக் கேட்க வேண்டும், விளக்கு, பம்பு, குளிர்பெட்டி ஆகியவற்றை இயக்கிப் பார்க்க வேண்டும். எரிவாயு உருளைகள் பத்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்கப்பட வேண்டியவை. சோதனை நாள் உருளையின் கழுத்தருகே பொறிக்கப்பட்டிருக்கும்.

ஆவணங்கள்

2021 ஜூலை 1 அன்று ஆஸ்திரேலியாவில் புதிய சாலை வாகனத் தரநிலைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இதன்கீழ் விற்பனைக்கு வரும் டிரெய்லர்கள் அங்கீகரிக்கப்பட்ட வாகனங்களின் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். வாகன அடையாள எண்ணைக் கொண்டு எவரும் இதனை இணையத்தில் பார்க்கலாம். பழைய டிரெய்லர்களுக்குச் சட்டகத்தில் பொருத்தியுள்ள தகடே சான்று.

பயன்படுத்திய வண்டிக்கு மேலும் ஒரு சோதனை தேவை. அதன்மேல் கடன் நிலுவை இருந்தால், கடன் கொடுத்தவர் புதிய உரிமையாளரிடமிருந்தும் வண்டியைப் பறிமுதல் செய்ய நேரலாம். 2012இல் தொடங்கப்பட்ட பி.பி.எஸ்.ஆர். எனும் தேசியப் பதிவேட்டில் சிறு கட்டணம் செலுத்தி இதனை அறியலாம். மாநில விதிகளும் வேறுபடும். குயின்ஸ்லாந்தில் 750 கிலோவுக்கு மேல் 3,500 கிலோ வரை ஏ.டி.எம். கொண்ட, பதிவுள்ள டிரெய்லரை விற்பவர் பாதுகாப்புச் சான்றிதழ் தர வேண்டும்.

செலவு ஒப்பீடு

கீழ்க்காணும் தொகைகள் கணக்கின் வழியை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. புதிய வண்டி 30,000 டாலர். அதே வகையில் ஐந்தாண்டு ஓடியது 18,000 டாலர் எனக் கொள்வோம். பழையதற்கு டயர், மின்கலம், பேரிங், கூடாரப் பழுது ஆகியவற்றுக்கு 4,000 டாலர் செலவானால் அடக்க விலை 22,000. வேறுபாடு 12,000 அன்று, 8,000.

மூன்றாண்டு கழித்துப் புதியதை 20,000க்கும் பழையதை 14,000க்கும் விற்றால், புதியதில் இழப்பு 10,000, பழையதில் 8,000. உண்மையான வேறுபாடு 2,000 டாலராகச் சுருங்குகிறது. மாறாக, பழைய வண்டிக்குப் பழுதுச் செலவே இல்லையெனில் வேறுபாடு 6,000 ஆகும். விளம்பர விலையை மட்டும் ஒப்பிடுவோர் இந்த இரண்டு நிலைகளையும் காண்பதில்லை. பழுதுச் செலவை முன்கூட்டியே மதிப்பிட முடிகிறதா என்பதே பழைய வண்டி இலாபமா இல்லையா என்பதை முடிவு செய்கிறது.

யாருக்கு எது பொருந்தும்

ஆண்டுக்குப் பல வாரங்கள் தொலைதூர மண் சாலைகளில் செல்வோர், நெடுங்காலம் வைத்திருக்க எண்ணுவோர், பழுது பார்க்கும் பழக்கம் இல்லாதோர் ஆகியோருக்கு, நிலைபெற்ற தயாரிப்பாளரின் புதிய வண்டி பொருந்தும். இவர்களும் முதல் பயணத்தை ஊருக்கு அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டும் செல்வோருக்கும், தம் தேவை இன்னதென்று இன்னும் தெளியாதோருக்கும், பராமரிப்புப் பதிவுகள் உள்ள பயன்படுத்திய வண்டி ஏற்றது. வாங்குமுன் அதே வகை வண்டியை ஓரிரு இரவுக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்தால், விரிக்க எவ்வளவு நேரமாகும், மழையில் அது எப்படியிருக்கும் என்பவை தெரிந்துவிடும்.

எடைமேடைக்குக் கொண்டுவர மறுக்கும் விற்பனையாளரிடமும், அடையாளத் தகடு இல்லாத வண்டியிடமும் விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் விலகியிருப்பதே பாதுகாப்பு. இவ்விதி புதியதற்கும் பழையதற்கும் ஒன்றே.