தவணையும் கைமுட்டியும்

வேங்கிக்காலில் அன்பியக் கூட்டம் முடிந்ததும், இளைஞன் ஒருவன் தான் மும்முறை கண்ட ஆங்கிலப் படத்தைப் புகழ்ந்தான்: டேவிட் ஃபிஞ்சர் 1999-இல் இயக்கிய ‘ஃபைட் கிளப்’.

கார் நிறுவன ஊழியன் ஒருவன் மேசை நாற்காலிகளாய் வாங்கி வீட்டை நிரப்புகிறான்; உறக்கம் மட்டும் வருவதில்லை. பின்னர், சோப்பு விற்கும் ஒருவனோடு சேர்ந்து, ஆடவர் தம்முள் வெறுங்கையால் அடித்துக்கொள்ளும் இரகசிய மன்றம் அமைக்கிறான். அவன் சீற்றம் பொய்யன்று. ஆனால், பொருளுக்கு அடிமையாகோம் எனப் புறப்பட்டோர், தலை மழித்து, பெயரிழந்து, ஒருவனது கட்டளைக்கு அடிமையாகின்றனர்.

அசிசியின் துணி வணிகர் மகன் பிரான்சிசும் அனைத்தையும் உதறினார். உடுத்த ஆடையையும் ஆயர் முன்னிலையில் தந்தையிடமே ஒப்படைத்தார். எவரையும் அடிக்கவில்லை.

இதைக் கூறியபோது அவன் தன் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இன்னும் ஏழு தவணை இருக்கிறது, சுவாமி” என்றான்.