எந்தக் கதவைத் தட்டுவது?

சென்ற வருடம் எங்கள் ஒழுங்கையில் மூன்று தெருவிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்து போயின. மஃரிபுக்குப் பிறகு வகுப்பு முடிந்து நானும் அயல்வீட்டுத் தோழியர் இருவரும் அந்த வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். ஒரு நாள் நாய் துரத்தியதில் எங்களில் ஒருத்தி மூடியில்லாத வடிகானுக்குள் விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டாள். அன்றிரவே உம்மா முடிவு சொல்லிவிட்டார்: "வகுப்பும் வேணாம், ஒண்டும் வேணாம். வெளிச்சம் வரும் மட்டும் வீட்டில இருந்து படிங்க மகள்."

உயர்தரப் பரீட்சைக்கு ஒன்பது மாதங்களே இருந்தன. வாப்பா ஓர் அலுவலகத்துக்குப் போனார். "கம்பம் எங்களுடையது, விளக்கு எங்களுடையதல்ல" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னோர் அலுவலகத்துக்குப் போனார். "சொல்லிட்டுப் போங்க, பார்ப்போம்" என்றார்கள். ஒரு மாதம் கழிந்தது. விளக்கு எரியவில்லை.

வாப்பா போன இடங்களில் ஒன்று சரியான இடந்தான். ஆனால் அது சரியான இடம் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பதினொரு வருடங்கள் பாடசாலையில் படித்தும், என் வீட்டு வாசலில் உள்ள விளக்குக்கு யார் பொறுப்பு என்று தெரியாமல் இருந்தது எனக்கு வெட்கமாக இருந்தது. அதன் பிறகு கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். பெற்றோரும் இதனை வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மூன்று வீடுகள்

நமது ஊர்களில் "கந்தோர்" என்ற ஒரே சொல்லால் எல்லா அலுவலகங்களையும் அழைத்து விடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அன்றாடத் தேவைகளுக்கு நாம் போகும் இடங்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலாவது, உள்ளூராட்சி மன்றம். இது நமது வாக்கினால் அமைவது. நீண்ட காலம் நகர சபையாக இருந்த புத்தளம் இப்போது மாநகர சபை. சிலாபத்தில் இருப்பது நகர சபை. கற்பிட்டி, வண்ணாத்திவில்லு போன்ற இடங்களில் பிரதேச சபைகள் உள்ளன. மூன்றுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. பெயர் வேறானாலும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான்: குப்பை அகற்றல், வடிகான், உள்வீதிகள், தெருவிளக்கு, சந்தை, இறைச்சிக்கடை, பொது நூலகம், விளையாட்டு மைதானம், கட்டட அனுமதி, வியாபார அனுமதிப்பத்திரம், மலக்குழி நிரம்பினால் வரும் பவுசர்.

இரண்டாவது, பிரதேச செயலகம். இது மத்திய அரசாங்கத்தின் கை. பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களின் பிரதிகள், காணி விடயங்கள், சமூக நலக் கொடுப்பனவுகள், வாகன வருமான வரிப்பத்திரம் ஆகியவற்றுக்கு இங்கேதான் போக வேண்டும். கிராம உத்தியோகத்தர் இந்தச் செயலகத்தைச் சேர்ந்தவர். எங்கள் உம்மம்மா அவரை இன்றும் "விதானையார்" என்றே சொல்வார். வதிவிடச் சான்றிதழ், நற்சான்றிதழ், வாக்காளர் பதிவு ஆகியவை அவரிடமிருந்து தொடங்குகின்றன.

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றென்று நினைப்பவர்கள் ஏராளம். பெயர் ஒத்திருப்பதே காரணம். பிறப்புச் சான்றிதழுக்குச் சபைக்கும், குப்பை பற்றிச் சொல்லச் செயலகத்துக்கும் போய் ஒரு நாள் கூலியை இழந்தவர்களை நானே அறிவேன்.

மூன்றாவது, தனித்தனிச் சேவை நிறுவனங்கள். மின்சாரத் தடைக்கு மின்சார சபையின் 1987 என்ற இலக்கம். குழாய் நீருக்கு நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் 1939 என்ற இலக்கம். நுளம்புப் பெருக்கம், டெங்கு, உணவுக்கடைச் சுத்தம் பற்றிச் சொல்ல, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகமும் அங்குள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் உள்ளனர். எங்கு போவதென்றே தெரியாவிட்டால் 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்தை அழைக்கலாம். அங்கு தமிழிலும் பேசலாம்.

ஒரு வீதி, மூன்று சொந்தக்காரர்

வீதி விடயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. புத்தளம் நகரில் மூன்று பெருந்தெருக்கள் சந்திக்கின்றன: கொழும்புப் பக்கமிருந்து வரும் ஏ3, குருநாகல் வழியாக வரும் ஏ10, அநுராதபுரம் ஊடாகத் திருகோணமலை வரை செல்லும் ஏ12. "ஏ", "பீ" வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. அதற்கடுத்த வகை வீதிகள் வடமேல் மாகாணத்தின் வீதித் துறைக்குரியவை. ஒழுங்கைகளும் உள்வீதிகளும் உள்ளூராட்சி மன்றத்துக்குரியவை. ஆகவே பெருந்தெருவில் உள்ள குழியைப் பற்றிச் சபையில் சத்தம் போட்டுப் பயனில்லை. அதேபோல் உங்கள் வீட்டு ஒழுங்கையில் மழைநீர் தேங்கினால், "பெரிய இடத்துக்குச் சொல்ல வேண்டும்" என்று காத்திருக்கவும் தேவையில்லை.

தெருவிளக்கும் இப்படித்தான். கம்பமும் கம்பியும் மின்சார சபையுடையவை. குமிழைப் பொருத்துவதும் மாற்றுவதும் உள்ளூராட்சி மன்றத்தின் வேலை. வாப்பாவுக்கு முதல் அலுவலகத்தில் சொன்னது உண்மைதான். ஆனால் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை அவர்கள் சொல்லவில்லை.

எழுதினால்தான் சாட்சி

எங்கள் ஆசிரியை ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எழுதிக் கொடுத்தீர்களா?" என்பதுதான். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று அடுத்துக் கேட்டார். சூறா அல்பகராவின் 282 ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் சொல்கிறது. "அல்லாஹ் எழுதச் சொன்ன சமுதாயம், கந்தோருக்குப் போனால் மட்டும் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுகிறது" என்று சிரித்தார்.

அன்று அவர் சொல்லித் தந்த முறை இது:

1. கடிதத்தைச் சபையின் செயலாளருக்கு எழுதுங்கள். மாநகர சபையாயின் ஆணையாளருக்கு எழுதுங்கள். தவிசாளர் அல்லது மேயருக்கும், உங்கள் வட்டார உறுப்பினருக்கும் பிரதி அனுப்புங்கள்.

2. இடத்தைத் துல்லியமாகக் குறிப்பிடுங்கள். "எங்கள் தெரு" என்று எழுதினால் அவர்கள் எங்கே தேடுவது? வீதியின் பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவு, பக்கத்துப் பள்ளிவாசல் அல்லது கடை, கம்பத்தில் உள்ள இலக்கம் ஆகியவற்றை எழுதுங்கள்.

3. ஒரு கடிதத்தில் ஒரு விடயம். விளக்கு, குப்பை, வடிகான் என்று எல்லாவற்றையும் ஒன்றாக எழுதினால் எந்தப் பிரிவும் அதைத் தன்னுடையதாக எடுக்காது.

4. அதனால் யாருக்கு என்ன பாதிப்பு என்று இரண்டு வரி எழுதுங்கள். கோபமான சொற்கள் வேண்டாம்.

5. இரண்டு பிரதிகள் கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். நேரில் போக முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

நானும் தோழியர் இருவரும் டோர்ச் லைட்டுடன் போய்க் கம்ப இலக்கங்களைக் குறித்துக்கொண்டோம். ஒழுங்கையில் உள்ள பதினாறு வீட்டாரிடமும் கையொப்பம் வாங்கினோம். வாப்பா கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரையிட்ட பிரதியை வாங்கி வந்தார். மூன்றாவது வாரம் இரண்டு விளக்குகள் எரிந்தன. மூன்றாவதில் கோளாறு கம்பியில் என்றார்கள். அதற்கு மின்சார சபைக்குத் தனியாக எழுத வேண்டியிருந்தது.

தமிழில் கேட்பது உரிமை

எங்கள் ஊரில் பலர் கடிதம் எழுதத் தயங்குவதற்கு ஒரு காரணம் மொழி. "எனக்குச் சிங்களம் வராதே" என்பார்கள். வடக்கு, கிழக்குக்கு வெளியே நிர்வாக மொழி சிங்களமாக உள்ள இடங்களிலும், ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் நமது அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆகவே தமிழில் எழுதிய கடிதத்தை "சிங்களத்தில் எழுதி வாருங்கள்" என்று திருப்பி அனுப்ப முடியாது. அப்படி நடந்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. சிங்களம் தெரிந்துகொள்வது நமக்கு நல்லதுதான். ஆனால் மொழி தெரியாததால் ஒரு தாய் தன் உரிமையை விட்டுவிட்டுத் திரும்பக் கூடாது.

பதில் வராவிட்டால்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்குக் கிடைத்த பெரிய திறப்பு. ஒவ்வோர் அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். "இந்தத் திகதியில் நான் கொடுத்த கடிதத்துக்கு என்ன நடந்தது?" என்றோ, "எங்கள் வீதிக்கு இந்த வருடம் எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது?" என்றோ எந்தப் பிரஜையும் கேட்கலாம். ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டால், அதை எழுத்தாக்க அலுவலர் உதவ வேண்டும். தருவதா, மறுப்பதா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

இடம்பெயர்ந்தவர்களின் கதவு

புத்தளத்தைப் பற்றி எழுதும்போது 1990 ஒக்டோபரை விட்டுவிட முடியாது. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மிகப் பலர் இங்கும் கற்பிட்டிப் பக்கமும் வந்து குடியேறினர். உடுத்த உடையோடு வந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? எங்கள் உம்மம்மாவும் அப்படி வந்தவர்தான். சில குடும்பங்களின் பதிவுகள் மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்க, வாழ்க்கை மட்டும் இங்கே நடக்கிறது.

அவர்கள் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, பதிவுகள் கணினிமயமானதால், வேறு மாவட்டத்தில் பதிவான பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கும் இங்குள்ள பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்க வழியுண்டு. அதற்காக உடனே பஸ் ஏற வேண்டாம், முதலில் இங்கு கேளுங்கள். இரண்டாவது, வாக்காளர் பதிவு வேறு, சேவை வேறு. சபைக்கு வாக்களிக்க அங்கே பதிவு வேண்டும். ஆனால் வாக்கு எந்த ஊரில் இருந்தாலும், வாசலில் கிடக்கும் குப்பை இந்த ஊர்க் குப்பைதான். அதை அகற்றக் கேட்க இங்கு வசிப்பது போதும்.

தேசிய அடையாள அட்டை பற்றி மாணவியருக்கு ஒரு வார்த்தை. 15 வயது பூர்த்தியானால் விண்ணப்பிக்கலாம். பாடசாலையில் படிக்கும்போது அதிபர் ஊடாக விண்ணப்பிப்பது இலகு. பெயரின் எழுத்துகள் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் அழுவதை விட அது நல்லது.

நமது பங்கு

உரிமையைப் பேசிவிட்டுக் கடமையைப் பேசாமல் விடுவது நீதியல்ல. சபைக்கு வருமானம் தருவது நாம் கட்டும் ஆதன வரி. ஒரு வருட வரியை ஜனவரி 31 இற்கு முன் முழுமையாகக் கட்டினால் 10 சதவீதம் கழிவு உண்டு. காலாண்டின் முதல் மாதத்துக்குள் அந்தக் காலாண்டுக்குரியதைக் கட்டினால் 5 சதவீதம். குப்பை வண்டி வரும் நாளில் உக்குவதையும் உக்காததையும் பிரித்து வைப்பதும் நமது கடமை. கொழும்புக் குப்பை அருவக்காட்டுக்கு வரக் கூடாது என்று இவ்வூர் மக்கள் வீதியில் நின்றார்கள். அதே ஊரில் நம் வீட்டுக் குப்பைப் பை களப்பில் மிதந்தால் நாம் என்ன பதில் சொல்வது? பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி உள்ளூராட்சி மன்றங்களில் 25 சதவீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2018 தேர்தலில் முதன்முறையாக அது நடைமுறைக்கு வந்தது. இருட்டு ஒழுங்கையில் நடக்கும் பயம் என்னவென்று தெரிந்தவர்கள் அந்த நாற்காலிகளில் இருப்பது நல்லதுதானே. நாளை நம்மில் ஒருத்தியும் அங்கே அமரலாம். அதுவரை ஒரு கடிதம் எழுதப் பழகுவோம்.

மூன்றாவது விளக்கு இரண்டு மாதங்களுக்குப் பிறகு எரிந்தது. அதற்கு முன்பே உம்மா என்னை மீண்டும் வகுப்புக்கு அனுப்பிவிட்டார். முத்திரையிட்ட அந்தப் பிரதியை வாப்பா வீட்டுக் காணி உறுதியோடு சேர்த்து அலுமாரியில் வைத்திருக்கிறார். அண்மையில் பின்வீட்டு மாமி வந்து, "மகள், எங்கட வடிகானுக்கும் ஒரு கடிதம் எழுதித் தாங்களேன்" என்றார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. பேனையையும் தாளையும் மாமியின் மகளிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன்.