எத்தனை வகை ஹைட்ரஜன்? – என்.எம்.ஆர். நிறமாலையை எளிமையாக விளக்குதல்

எத்தனால், மெத்தாக்சிமீத்தேன் ஆகிய இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே: இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். அவற்றின் அமைப்பு வாய்பாடுகளைக் கரும்பலகையில் வரைகிறோம். மாணவர்கள் அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். “அணுக்கள் இப்படித்தான் இணைந்துள்ளன என்று எப்படித் தெரியும்?” என்று ஒரு மாணவர் கேட்டால், நாம் காட்டக்கூடிய நேரடிச் சான்று அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலை. சுருக்கமாக, என்.எம்.ஆர்.

ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு புரோட்டான். அது மிகச் சிறிய காந்தம்போல் செயல்படுகிறது. வலிமையான காந்தப்புலத்தில் அது இரண்டு ஆற்றல் நிலைகளில் இருக்க முடியும். பொருத்தமான அதிர்வெண் கொண்ட ரேடியோ அலையை உட்கவர்ந்து, கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்குச் செல்லும். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் இதுவே அடிப்படை.

புரோட்டானைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் புறக் காந்தப்புலத்தை ஓரளவு மறைக்கின்றன. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன்பக்கம் ஈர்ப்பதால், அதன் அருகிலுள்ள ஹைட்ரஜன்களுக்கு இந்த மறைப்பு குறைகிறது. அவற்றின் முகடு இடம் மாறுகிறது. இதுவே வேதி இடப்பெயர்ச்சி. டெட்ராமெத்தில்சிலேனின் முகட்டைச் சுழி எனக் கொண்டு இதை அளக்கிறோம். எத்தனாலில் மெத்தில் ஹைட்ரஜன்கள் சுமார் 1.2 அலகிலும், ஆக்சிஜனை ஒட்டிய கார்பனின் ஹைட்ரஜன்கள் சுமார் 3.7 அலகிலும் தோன்றும்.

நிறமாலையைப் படிக்க மாணவர்களுக்கு மூன்று கேள்விகள் போதும்.

1. எத்தனை முகடுகள்? அத்தனை வகை ஹைட்ரஜன்கள் உள்ளன. எத்தனாலில் மூன்று, மெத்தாக்சிமீத்தேனில் ஒன்றே ஒன்று.

2. முகடுகளின் பரப்பு விகிதம் என்ன? அதுவே ஹைட்ரஜன்களின் எண்ணிக்கை விகிதம். எத்தனாலில் 3:2:1. ஆர்னால்டு, இந்திய இயற்பியலாளர் தர்மட்டி, பேக்கார்டு ஆகியோர் 1951இல் அமெரிக்காவிலிருந்து வெளியிட்ட எத்தனால் நிறமாலை இதைத் தெளிவாகக் காட்டியது.

3. முகடு எத்தனையாகப் பிரிகிறது? அடுத்த கார்பனில் இரண்டு ஹைட்ரஜன் இருந்தால் மூன்றாகவும், மூன்று இருந்தால் நான்காகவும், அதாவது ஒன்று கூடுதலாகப் பிரியும். ஹைட்ராக்சில் ஹைட்ரஜன் மூலக்கூறுகளிடையே விரைவாக இடம் மாறிக்கொள்வதால், வழக்கமான மாதிரிகளில் இக்கணக்கில் சேர்வதில்லை.

பள்ளியில் இக்கருவி இல்லாவிட்டாலும் தாளும் பென்சிலும் கொண்டு பயிற்சி அளிக்கலாம். மூன்று கார்பன், எட்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் கொண்ட மாற்றியங்களை வரையச் சொல்லி, முகடுகளைக் கணிக்கச் செய்யுங்கள். புரோப்பன்-1-ஆல் நான்கு முகடுகள் தரும். புரோப்பன்-2-ஆல், மெத்தாக்சிஈத்தேன் இரண்டுமே மூன்று தரும். இங்கே முகடுகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. பரப்பு விகிதம் முன்னதில் 6:1:1, பின்னதில் 3:3:2 என்பதே இரண்டையும் பிரித்துக் காட்டும்.

புரோப்பன்-2-ஆலின் இரண்டு மெத்தில் தொகுதிகளையும் இரு வகையாக எண்ணுவது மாணவர்களிடம் எதிர்பார்க்கக்கூடிய பிழை. அவற்றுள் எதில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் குளோரினை இட்டாலும் 1-குளோரோபுரோப்பன்-2-ஆல் என்ற ஒரே பெயர்தான் வருகிறது. ஆகவே ஆறும் ஒரே வகை. இந்தச் சோதனையை மாணவர்களே செய்து பார்க்கட்டும். கரும்பலகையில் வரைந்த வாய்பாட்டைத் தாங்களே சரிபார்க்க முடியும் என்று அப்போது உணர்வார்கள்.